தோலைக் காணும் கண்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேச வல்லாரும் சமயம் பேச வல்லாரும் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் நான், காலில் அணியும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். உயர்ந்த பொருள்களை அவர்கள் எடுத்துரைக்கட்டும். அடியில் கிடப்பதை நான் எடுத்துரைக்கின்றேன்.

பழம்பொருள் சேர்ப்போர் பல வகையினர். தபால்தலை சேர்ப்போர் உண்டு. நாணயம் சேர்ப்போர் உண்டு. அமெரிக்க நாட்டின் பழைய ‘கௌபாய்’ பூட்ஸ்களைத் தேடிச் சேர்ப்போரும் உண்டு. அவற்றுள்ளும் முதலை, உடும்பு, மலைப்பாம்பு, தீக்கோழி ஆகியவற்றின் தோலால் ஆனவற்றுக்கு மதிப்பு மிகுதி. நம் இளைஞர் சிலர்க்கும் இவ்வாசை பிறந்திருக்கின்றது. கடல் கடந்து வேலை பார்க்கும் தமையனாரிடம் ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லுகின்றனர். ஞாயிறும் புதனும் கூடும் புனே ஜூனா பஜாரில் பழைய சாமான்களுக்கிடையே தேடுகின்றனர். தேடுவதில் குற்றமில்லை. ஆனால் ஒரு பொருளை விரும்புமுன் அதனை அறிதல் வேண்டும். இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் அந்த பூட்ஸ் பிறந்த கதையைச் சொல்லுகின்றேன். அதில் ரயிலுக்கும் பங்குண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. டெக்ஸாஸில் மாடுகள் ஏராளம். வாங்குவோர் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தனர். 1867 முதல் கான்சாஸ் மாநிலத்து அபிலீன் ரயில் நிலையத்திற்குப் பெருமந்தைகளை ஓட்டிச் சென்றனர். மாதக்கணக்கில் குதிரை மீதே வாழ்ந்த அம்மாட்டிடையர்க்கு ஏற்றதாக அமைந்ததே இக்காலணி. அங்கவடியில் எளிதில் நுழைவதற்குக் குறுகிய முனை. நழுவாமல் நிற்பதற்கு உயர்ந்த குதி. முட்செடியிலிருந்து காக்கக் கெண்டைக்கால் வரை தோல். குதிரையிலிருந்து விழுந்தால் கால் உருவிக்கொண்டு வருவதற்காகக் கயிறு இல்லாத அமைப்பு. இதில் எதுவும் அலங்காரமன்று; அனைத்தும் தொழிலின் தேவை. பின்னர் ரயில் பாதை தெற்கே நீண்டது; முள்கம்பி வேலிகள் எழுந்தன; நெடுந்தூரம் மந்தை ஓட்டும் தொழில் ஓய்ந்தது. தொழில் மறைந்தும் காலணி மறையவில்லை. சினிமா அதனை உலகெங்கும் பரப்பிற்று. பகட்டு நுழைந்தபின் மாட்டுத்தோல் இருந்த இடத்தில் முதலையும் பாம்பும் ஏறின.

இனி, தோலை அறியும் வகையைக் காண்போம். இதற்கு நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

முதலைத் தோலில் கட்டம் கட்டமாகச் செதில்கள் அமைந்திருக்கும். வயிற்றுப் பக்கத்துச் செதில்களில் ஊசி குத்தினாற்போல் சிறு புள்ளி காணப்பட்டால் அது முதலை. அமெரிக்காவின் அலிகேட்டர் என்னும் இனத்திற்கு வயிற்றுச் செதிலில் அப்புள்ளி இராது. உடும்புத் தோல், பாசிமணிகளை வரிசையாகக் கோத்துப் பரப்பினாற்போல் இருக்கும். பாம்புத் தோலில் ஒரு செதிலின் நுனி அடுத்த செதிலின் மேல் கவிந்திருக்கும். விரலால் எதிர்த்திசையில் தடவினால் அந்நுனி தட்டுப்படும். தீக்கோழித் தோலிலே இறகு முளைத்த இடங்கள் சிறு மேடுகளாக எழுந்து நிற்கும்.

போலியை அறிவதும் எளிதே. கன்றுத் தோலின் மேல் இயந்திர அச்சால் முதலைச் செதிலைப் பதிப்பதுண்டு. அச்சு செய்த வேலையில் ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வரும். இயற்கையோ ஒரு செதிலைப் போல் மற்றொரு செதிலை அப்படியே படைப்பதில்லை. அச்சுப் பள்ளத்திற்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தால் கன்றின் மயிர்க்கால்கள் தென்படுவதும் உண்டு.

அடுத்து அடியைத் திருப்பிப் பாருங்கள். குதிக்கும் முன்பாதத்திற்கும் இடையே மரத்தாலான சிறு ஆணிகள் வரிசையாக இருந்தால் அது நல்ல வேலைப்பாட்டின் அடையாளம். ஈரம் பட்டால் தோலும் ஊறும், மரமும் ஊறும். ஆகவே பிடி தளராது. இரும்பாணியோ துருவேறித் தோலை அரித்துவிடும். உட்புறத்திலும் மேல் வாரிலும் செய்தவரின் முத்திரையைத் தேட வேண்டும். ஜஸ்டின் 1879-இலும், லுக்கேசி 1883-இலும், டோனி லாமா 1911-இலும் தொடங்கிய பெயர்கள்.

தோல் எந்த விலங்கினுடையது என்று கண்டாயிற்று. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அக்கேள்வி நம்மைத் தமிழ்நாட்டிற்கே கொண்டு சேர்க்கின்றது. மேல்நாட்டுக் காலணிக்கும் கைப்பைக்குமாக இந்தியாவிலிருந்து பாம்புத் தோலும் உடும்புத் தோலும் கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. சென்னை அவ்வணிகத்தில் முக்கிய இடம் வகித்தது. செங்கற்பட்டுப் பகுதியின் இருளர் மக்கள் வயல் வரப்பிலே தடம் பார்த்து, வளை தோண்டி, வெறுங்கையால் பாம்பைப் பிடித்தனர். பேரூரின் கடைக் கண்ணாடிக்குள் அத்தோல் மின்னிற்று. பிடித்தவர் வயிற்றில் பசியே மிஞ்சிற்று.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அழிந்து வரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் 1976-இல் இந்தியா சேர்ந்தது. தோல் வணிகம் நின்றது. அது நல்லதே, ஆனால் இருளரின் பிழைப்பும் உடன் நின்றது. அந்நிலையில் 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுப் பின் விட்டுவிடுகின்றனர். முன்பு விலைக்காகப் பார்த்த அதே செதிலில், இன்று உயிரோடு விடுவதற்காகக் குறியிடுகின்றனர்! தோலுக்காகப் பயன்பட்ட அறிவு இன்று உயிர் காக்கப் பயன்படுகின்றது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர்க்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே பாம்புக்கடி மருந்து செய்கின்றனர். அத்தகைய குதிரைகளை வளர்க்கும் ஹாஃப்கின் நிறுவனத்தின் பிரிவு ஒன்று நமக்கு அடுத்த பிம்பிரியிலேயே இருக்கின்றது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு முதலை, உடும்பு, மலைப்பாம்பு ஆகியவற்றின் தோற்பொருளை, எவ்வளவு பழையதாயினும், வாங்குவதும் விற்பதும் குற்றம். முதல் அட்டவணையைச் சேர்ந்த உயிரினங்களாதலால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டுப் பொருளாயினும் மலைப்பாம்பு, முதலை, உடும்பு இனத்துத் தோலுக்கு உரிய அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு பூட்ஸுக்காகப் பிள்ளையின் பெயர் வழக்கில் ஏறலாமா? பாட்டனார் காலத்துப் பை ஏதேனும் பரணில் இருந்தால் கடைக்குக் கொண்டு செல்லாமல் வனத்துறையினரிடம் கேளுங்கள்.

சேர்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நாம் வாழும் இம்மாநிலத்திலேயே கோலாப்பூர்ச் செருப்பு இருக்கின்றது. பட்டையும் காயும் கொண்டு பதனிட்ட தோல். ஆணியின்றித் தோல் வாராலேயே தைத்த வேலை. 2019-இல் மராட்டியத்தின் நான்கு மாவட்டங்களுக்கும் கர்நாடகத்தின் நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. 2025-இல் மிலான் நகரில் பிராடா நிறுவனம் அதே வடிவத்தைக் காட்சிக்கு வைத்தபோது, இது எங்கள் கைவினை என்று இங்குள்ளோர் உரிமைக்குரல் எழுப்பினர். பிறகே அந்நிறுவனம் அவ்வடிவத்தின் மூலத்தை ஒப்புக்கொண்டது. அடையாளம் அறிந்த மக்கள் இருந்தமையால் அல்லவோ அக்குரல் எழுந்தது?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து உறவினர் உடையோர் நம்மிடையே பலர். தோற்பதனிடும் தொழிலை இழிவென்று எண்ணிய நாட்டிலேதான் அத்தொழில் ஆயிரக்கணக்கான அடுப்புகளை எரிய வைத்திருக்கின்றது. ஈரத் தோலை ரயில் பெட்டிக்குள் கொண்டுவரலாகாது என்பது விதி. அவ்விதி தோலுக்கு உரியது, தோல் தொழில் செய்வோர்க்கு உரியதன்று.

ஆகவே, அன்பர்களே! இனி ஒரு பழைய காலணியைக் காணும்போது விலையை மட்டும் கேளாதீர்கள். எவ்வுயிரின் தோல், எவர் கை செய்தது என்றும் கேளுங்கள். அவ்விரண்டையும் மதிக்கத் தெரிந்தவனே நல்ல சேகரிப்பாளன்.