ஆட்டத்தில் கடுமையும் நேர்மையும்



எளிதில் வெல்லும் ஆட்டம் சுவைப்பதில்லை. வெல்லவே இயலாத ஆட்டம் மனத்தைச் சோர்வடையச் செய்யும். இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதுதான் கணினிப் போர்த்தந்திர ஆட்டங்களைப் படைப்போர்க்குப் பெரும்பாடு. ஆயினும், கடுமையின் அளவைவிட அதன் தன்மையே முதன்மையானது என்பது என் கருத்து. சான்றாக ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம்.

ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் ஆகிய இருவர் தொடங்கிய சப்செட் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் 'இன்டு தி பிரீச்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. சதுரங்கத்தைப் போலவே இதற்கும் 64 கட்டங்கள். நிலத்தைப் பிளந்துகொண்டு எழும் பேருருவப் பூச்சிகளிடமிருந்து, மூன்று போர் இயந்திரங்களைக் கொண்டு ஊர்களைக் காத்தல் வேண்டும்.

இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில், நாம் விடுத்த குண்டு இலக்கில் படுமா என்பதைக் கணினி உருட்டும் பகடையே தீர்மானிக்கிறது. நூற்றுக்கு 90 பங்கு வாய்ப்பிருந்தும் குறி தப்புமாயின், ஆடுபவர் தம் அறிவை நோவதில்லை, விதியையே நோவார்.

இங்கோ அப்படியன்று. எந்தப் பூச்சி எதைத் தாக்கும், புதுப்பகை எங்கே முளைக்கும் என்பனவெல்லாம் முன்னரே காட்டப்படுகின்றன. அவற்றைக் கண்ட பின்னரே நாம் காய் நகர்த்துகிறோம். நம் அடி தவறுவதில்லை. பூச்சியைக் கொல்ல இயலாவிடில் ஒரு கட்டம் தள்ளிவிடலாம். அதன் அடி மற்றொரு பூச்சியின்மேல் விழவும் கூடும். தற்செயல் பெரும்பாலும் நம் முடிவுக்கு முன்னரே வந்துவிடுகிறது. பின்னர் வருவதாக ஒன்றுண்டு: தாக்குண்ட கட்டடம் சில வேளை சேதமின்றித் தப்பும். அதுவும் நமக்கு நன்மையே.

இதனால் ஆட்டம் எளிதாகிவிட்டதோ? இல்லை. நான்கு தாக்குதல்கள் வரும்போது நம்மிடம் இருப்பவை மூன்று இயந்திரங்களே. கட்டடங்கள் அழிய அழிய மின்வலிமை குறையும். அது முற்றும் அற்றால் தோல்வி. பழுதுற்ற இயந்திரமோ அடுத்த போருக்குள் சீராகிவிடும். ஆதலின் நம் இயந்திரத்தையே குறுக்கே நிறுத்தி அடி வாங்கச் செய்து ஊரைக் காக்க நேரும். இயந்திரம் சிதைந்தாலோ, அனுபவத்தால் தேர்ந்த அதன் ஓட்டி மாண்டுபோவான்.

நான்கு தீவுகளுள் இரண்டை மீட்டதுமே இறுதிப் போருக்குச் செல்லலாம். நான்கையும் மீட்டுச் செல்வோர்க்கு வலிமை மிகும். பகையும் அதற்கேற்ப மிகும். சமநிலை என்பது இதுவன்றோ!

தோற்றவர் பலகையை நோக்கி, 'இந்த நகர்வில்தான் பிழைத்தேன்' என்று சுட்டிக் காட்ட இயலுமாயின், அவ்வாட்டத்தின் கடுமை நேர்மையானது. அவர் மீண்டும் ஆட அமர்வது அதனாலேயே.