ஐப்பசியில் கண்டிக்கு வருகிறவளுக்கு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களோடு ஒரு பயணத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். போகிறவன் நான் அல்லன். நான் கண்டியிலேயே இருக்கிறேன். வரப்போகிறவள் என் அக்காவின் பேத்தி. கோத்தகிரியில் பிறந்து வளர்ந்து, இப்போது ரொறன்ரோவில் வேலை பார்க்கிறாள். சென்ற மாதம் கைத்தொலைபேசியில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"சின்னத் தாத்தா, இலையுதிர்காலத்தில் எனக்கு இரண்டு வாரம் லீவு. மலையில் ஓர் ஊர் வேண்டும். நல்ல சாப்பாடு கிடைக்க வேண்டும். பாட்டி கண்டிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அங்கேயே வருகிறேன். திட்டம் போட்டுக் கொடுங்கள்."

ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதற் சொல்லிலேயே தடங்கல் வந்துவிட்டது. இலையுதிர்காலம் என்று கண்டியில் ஒன்று கிடையாது. இரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதும் தை மாசியில்தான். அவள் சொல்லும் ஒக்டோபரை நம் முன்னோர் கூதிர்காலம் என்றார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர். குளிர்ந்த காற்றும் ஓயாத தூறலுமான காலம் அது. கண்டியில் ஆண்டின் மிகுதியான மழை ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் பெய்கிறது. காலையில் வானம் கழுவிவிட்டது போல் தெளிவாக இருக்கும். பகல் இரண்டு மணிக்கு ஹந்தானை மலைக்கு மேலே கறுக்கும். மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். ஆகவே திட்டத்தின் முதல் விதியை எழுதினேன்: வெளியே போவதெல்லாம் காலையில், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் தேத்தண்ணீரும் கதையும்.

இரண்டாவது தடங்கல் "நல்ல சாப்பாடு" என்பது. இது எங்கள் குடும்பத்துக்குப் புதிய சொல் அன்று. மலைக்குப் போனால் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். இலங்கையிலே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊருக்கு வந்த ஆள்கட்டிகள் ஆசை காட்டினார்களாம். இதை மலையகத்தில் பாட்டிமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பஞ்சத்தில் வாடிய ஒரு குடியானவனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கிய நாள் முதல், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் அவர்கள். நீரின்றியும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தூரைத் தோண்டியவர்களுக்குத் தேங்காயும் கிடைக்கவில்லை, மாசியும் கிடைக்கவில்லை. கிடைத்தது ரொட்டியும் கட்டைச் சம்பலும். நம்முடைய மலையகச் சிறுகதைகளைப் படித்துப் பாருங்கள். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' முதலாகத் தெளிவத்தை ஜோசப்பின் கதைகள் வரையில் கொழுந்து உண்டு, லயம் உண்டு, மழை உண்டு. விருந்து மட்டும் அரிது.

இருந்தாலும் நேயர்களே, கண்டியில் நல்ல சாப்பாடு இல்லை என்று சொன்னால் நாக்கு பொறுக்காது. ஆகவே முதல் நாளை நகரத்துக்கென்று ஒதுக்கினேன்.

விடிய ஆறரைக்கு வாவிக் கரையில் ஒரு நடை. அந்த வாவியை வெட்டுவித்தவன் கண்டியின் கடைசி அரசன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். தென்னாட்டு நாயக்கர் வழியில் வந்தவன். 1815இல் அரசிழந்து, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டவன். நடந்த களைப்புக்கு ஒரு கோப்பை இலைக்கஞ்சி. சிங்களத்தில் கொல கெந்த என்பார்கள். வல்லாரையோ ஹாத்தாவாரியாவோ இடித்துப் பிழிந்த சாற்றைச் சிவப்பரிசிக் கஞ்சியிலும் தேங்காய்ப் பாலிலும் கலந்து கொதிக்க வைப்பது. கஞ்சி குடிக்கும்போது கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி இருக்க வேண்டும். ஒரு கடி, ஒரு மிடறு. பிறகு கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு, அந்தப் பக்கத்துத் தமிழ்க் கடையில் தோசையும் உளுந்து வடையும். மத்தியானத்துக்கு முஸ்லிம் கடையில் புரியாணி. இரவுக்குக் கொத்துரொட்டி. தகரத்தில் இரண்டு இரும்புத் தட்டு விழும் அந்தத் தாளத்தைக் கேட்டாலே வயிறு பசித்துவிடும்.

முஸ்லிம் கடையில் இருக்கும்போது அவளிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். இலங்கையின் முதல் தமிழ் நாவலான 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதிய சித்திலெவ்வை இந்தக் கண்டியிலே பிறந்தவர்.

இரண்டாம் நாள் ஹந்தானை. 1925இல் கட்டிய ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையை 2001இல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். டெயிலர் பயன்படுத்திய பொருள்களையும் அங்கே பார்க்கலாம். மேல்மாடியில் நல்ல தேத்தண்ணீர் கிடைக்கும். திரும்பும் வழியில் மஹய்யாவ மயானத்தில் டெயிலரின் கல்லறை. 1892இல் அவர் இறந்தபோது லூல்கந்துரவிலிருந்து கண்டிக்கு உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, எதற்கும் ஒரு முறை கேட்டுவிடுவோம் என்று அக்காவுக்குக் கோத்தகிரிக்குப் பேசினேன். அக்காவுக்கு இப்போது வயது 78. பிறந்தது 1948இல், அதாவது எங்கள் குடியுரிமை போன ஆண்டில். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் அக்காளும் அத்தானும் அந்தப் பக்கம் விழுந்தார்கள். அம்மாவும் நானும் இந்தப் பக்கம்.

1974 ஐப்பசியில், தீபாவளிக்கு முந்திய கிழமை அவர்கள் புறப்பட்டார்கள். எனக்குப் பதினான்கு வயது. கண்டி ஸ்டேசனில் ஏறிப் பொல்காவலை, அநுராதபுரம், தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர்.

"அக்கா, பேத்தி வரப்போறா. கண்டியில என்ன சாப்பாடு குடுக்கலாம்? நீ எதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஆசை மூட்டின?" என்று கேட்டேன். புரியாணி என்பாள், அல்லது அப்பமும் சீனிச்சம்பலும் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"கோச்சிக்கு அந்த அம்மா கட்டிக் குடுத்தாங்களே, அதுதான்டா" என்றாள்.

"பொலொஸ் கறியா?"

"ஐப்பசியில பொலொஸ் ஏதுடா? அட்டு கொஸ். வாழையிலையில கட்டி, சூடு ஆறாம."

எனக்கு நினைவு வந்தது. எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமம். அதன் ஓரத்து வீட்டில் ஓர் அம்மையார் இருந்தார். எங்கள் அம்மாவுக்குச் சிங்களம் பாதி தெரியும், அவருக்குத் தமிழ் பாதி தெரியும். பேச்சுக்கு அது போதும். அவர்தான் அந்தப் பொதியை விடியற்காலையில் ஸ்டேசனுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

நேயர்கள் எல்லோருக்கும் அட்டு கொஸ் தெரிந்திருக்காது. பலாவின் முற்றிய சுளையைச் சிங்களத்தில் கொஸ் என்பார்கள். பறிக்கும் காலத்தில் அதைச் சீவி, வெந்நீரில் காட்டி, வெயிலில் காயவைத்துச் சேமித்து வைப்பார்கள். கொட்டைகளை மணலுக்குள் புதைத்து வைப்பார்கள். பலாவின் பெரிய பருவம் முடிந்து, அரிசியும் குறைகிற ஐப்பசி கார்த்திகையில் அவற்றை எடுத்து ஊறவைத்து, மஞ்சளும் தேங்காய்ப் பாலும் விட்டுச் சமைப்பார்கள். மழை நாளுக்கென்று வெயில் நாளில் எடுத்துவைத்த சாப்பாடு அது.

இந்தப் பழக்கம் கண்டியில் மிகப் பழையது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில் பலாவைப் பற்றி எழுதியிருக்கிறார். பிஞ்சுக்கு ஒரு பெயர், காய்க்கு ஒரு பெயர், பழத்துக்கு ஒரு பெயர் என்று அவர் குறித்திருப்பதில் பொலொஸ், கொஸ் என்னும் சொற்கள் இன்றும் சந்தையில் வழங்குகின்றன. சிறைப்பட்டவனும் பசிக்கு அந்த மரத்தையே நம்பியிருந்தான். பிற்காலத்தில் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பவர் ஊர் ஊராகப் பலாக் கன்று நடச் சொல்லி இயக்கம் நடத்தி, கொஸ் மாமா என்று பெயரெடுத்தார். சிங்களத்தில் பலாவுக்குச் சோற்று மரம் என்றும் பெயர் உண்டு. 2022இல் பொருளாதாரம் சரிந்து எரிவாயுவுக்கும் அரிசிக்கும் மக்கள் அலைந்தபோது பல வீடுகளில் அடுப்பில் இருந்தது பலாக்காய்தான்.

அக்கா அதோடு விடவில்லை. "உனக்கு ஒண்ணு தெரியாது. அந்த வருசம் அவங்க வீட்டிலயும் அரிசி இல்ல" என்றாள்.

1973, 74 எப்படிப்பட்ட ஆண்டுகள் என்று வயதானவர்களுக்குத் தெரியும். கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள். பாணுக்கு விடியுமுன் வரிசை. தோட்டங்களில் பட்டினியால் இறப்பு வீதம் உயர்ந்தது பதிவாகியிருக்கிறது. அப்படி ஓர் ஆண்டில், மழைக்காலத்துக்கென்று தன் பிள்ளைகளுக்காகக் காயவைத்ததை எடுத்துத்தான் அந்த அம்மையார் அக்காவுக்குச் சமைத்துக் கொடுத்திருக்கிறார். ஐம்பது வருடமாக என் அக்கா கோத்தகிரியில் இருந்து கண்டிச் சாப்பாடு, கண்டிச் சாப்பாடு என்று சொன்னது அந்த ஒரு பொதியை.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கொப்பியைப் பார்த்தேன். நான் எழுதி வைத்திருந்தது கடைகளின் பட்டியல். மூன்றாம் நாள் வெறுமையாக இருந்தது.

மறுநாள் காலையில் பஸ் எடுத்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். போய் இரண்டு வருடம் இருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தத் தீவைக் கடந்தது. 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் எங்கள் கண்டி. கண்டிக்கு ரயிலே ஓடாமல் நின்றது. அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்போது கேள்விப்பட்டு ஆறுதலடைந்திருந்தேன். ஆனால் வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா மரம் சரிவோடு போய்விட்டிருந்தது. அது நின்ற இடத்தில் சிவப்பு மண் மட்டும் ஒரு காயம் போலத் தெரிந்தது.

அம்மையார் காலமாகிப் பல வருடமாகிறது. மகள் இருக்கிறார், அவருக்கே அறுபது கடந்துவிட்டது. நான் கதையைச் சொன்னேன். ஸ்டேசன், வாழையிலை, அட்டு கொஸ் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு நினைவில்லையே. அம்மா யாருக்குத்தான் கட்டிக் கொடுக்கவில்லை" என்றார் சிங்களத்தில்.

எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு குடும்பம் ஐம்பது வருடம் பொத்தி வைத்திருந்த நினைவு, கொடுத்த வீட்டில் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது இல்லாமல் போவதும் இயல்புதானே என்று தோன்றியது. வாங்கினவர்கள் மறக்கக் கூடாது. கொடுத்தவர்கள் கணக்கு வைத்திருந்தால் அது வேறு எதுவோ ஆகிவிடும்.

புறப்படும்போது, "எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். "இந்த வருடம் பக்கத்து வீட்டு மரத்தில்தான் பறித்துக் காயவைத்தேன். இருக்கிறது. காலையில் வாருங்கள், மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும்" என்றார்.

அன்று இரவு பேத்திக்குத் திட்டத்தை எழுதி அனுப்பினேன். ஒக்டோபரிலேயே வா, நவம்பருக்குத் தள்ளிப்போடாதே. குடை கொண்டுவா. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடும். மஞ்சள் வந்தாலே மலைப் பாதை வேண்டாம், வீட்டில் ரொட்டி சுட்டுச் சாப்பிடுவோம். முதல் நாள் நகரம். இரண்டாம் நாள் ஹந்தானை. மூன்றாம் நாள் காலை ஒரு வீட்டுக்குப் போகிறோம். அங்கே விலைப்பட்டியல் இல்லை. என்ன சாப்பாடு என்று பாட்டியிடம் கேட்டுக்கொள்.

அவளிடமிருந்து பதில் வந்தது. "கேட்டேன் தாத்தா. அந்த வீட்டுக்கு என்ன கொண்டு போகலாம் என்று பாட்டி கேட்கிறாள்."

அந்தக் கேள்விக்குத்தான் நேயர்களே, எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஒரு யோசனை மட்டும் உண்டு. பேராதனைப் பக்கத்து நாற்றுமேடையில் பலாக் கன்று விற்கிறார்கள். ஐப்பசி மழை, கன்று நட நல்ல மழை.