சின்ன வயது நினைவும் 650 சொற்களும்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் பல கல்லூரிகள் மதிப்பெண்ணோடு ஒரு கட்டுரையும் கேட்கின்றன. 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தில் அதற்கு 250 முதல் 650 சொற்கள் வரைதான் இடம். விருப்பமான தலைப்பிலும் எழுதலாம். சின்ன வயதுச் சம்பவத்தை எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். ஆனால் கல்லூரியில் இடம் கேட்பது 7 வயதுக் குழந்தை அல்ல, 17 வயது மாணவர். உதாரணமாக, சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்ட கதையை நாலு வரியில் முடித்துவிட்டு, அந்த ஆர்வம் இன்று தன்னை என்ன செய்ய வைக்கிறது என்பதைத்தான் மீதி முழுக்க எழுத வேண்டும். சம்பவம் பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை எழுதியதைப் படித்துப் பாருங்கள், நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.