தேனீயின் பருவமும் ஒப்பந்தத்தின் கெடுவும்

(தேனீ, மகரந்தச் சேர்க்கை ஆராய்ச்சியில் ஈடுபட விரும்பும் மாணவர்களிடையே நிகழ்த்திய உரை)



"தேனீ ஆராய்ச்சியை நம்பி ஒருவர் வாழ முடியுமா?" கூட்டம் தொடங்கு முன்பே வாசலில் நின்று ஒரு மாணவி எங்களிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் விடை சொல்வது எங்கள் கடமை. நாங்கள் தேனீப் பெட்டிகளோடு பல ஆண்டுகள் பழகியவர்கள். எங்களில் பலர் இன்றும் ஒப்பந்த ஊழியர்கள்தான். ஆகவே அனுபவத்தில் கண்டதையே சொல்கிறோம்.

முதலில், இந்த வேலை எதற்கு? தேனீ என்றதும் எல்லோருக்கும் தேன் நினைவுக்கு வருகிறது. ஆனால் உழவனுக்குத் தேனீ செய்யும் பேருதவி தேன் அல்ல, மகரந்தச் சேர்க்கையே. நெல்லும் கோதுமையும் தேனீயை எதிர்பார்ப்பதில்லை. சூரியகாந்தி, கடுகு, பூசணி, வெள்ளரி ஆகியவற்றின் கதை வேறு. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவை ஓரளவுக்கேனும் பூச்சி, பறவை போன்ற பிராணிகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன என்று 2016-ல் சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று அறிக்கை தந்தது. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு என்பதையும் அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. நாம் பெட்டியில் வளர்ப்பது இவற்றில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத்தான். மற்றவை பற்றி அறிய வேண்டியது மலைபோல் கிடக்கிறது.

இப்படிப்பட்ட வேலைக்கு எவ்வளவு காலம் வேண்டும்? இதுதான் பிரச்னையின் மையம். மேனாட்டுத் தேனீயில் முட்டை பணித்தேனீயாக வெளிவர 21 நாள் ஆகும். வேலை மும்முரமான பருவத்தில் அந்தப் பணித்தேனீ ஐந்து, ஆறு வாரமே வாழும். ஆனால் கூட்டத்தின் ஆயுள் வேறு. அது பூக்காலத்தில் பெருகுகிறது, மழையில் ஒடுங்குகிறது, பூ இல்லாத காலத்தில் பட்டினி கிடக்கிறது, மறுபடி பூக்காலத்தில் தலையெடுக்கிறது. ஒரு பூச்சி மருந்து கூட்டத்தைக் கெடுக்கிறதா, ஒரு நோயைத் தாங்கும் கூட்டம் எது என்று தெரிய வேண்டுமானால் இந்தச் சுற்று முழுவதையும், அதுவும் பலமுறை, பார்த்தாக வேண்டும். ஓர் ஆண்டு மழை பொய்த்தால் அந்த ஆண்டின் கணக்கை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

ஒப்பந்தத்தின் கணக்கோ வேறு. திட்டம் மூன்று ஆண்டு. ஊழியர் நியமனம் ஓர் ஆண்டு, பிறகு புதுப்பிப்பு. முதல் ஆண்டு பெட்டி வாங்கக் கழிகிறது. இரண்டாம் ஆண்டு பழகக் கழிகிறது. மூன்றாம் ஆண்டு அடுத்த வேலைக்கு மனுப் போடக் கழிகிறது. எங்களில் ஒருவர் முன்பு வேலை பார்த்த இடத்தில், கூட்டங்கள் நன்றாகப் பெருகி வந்த நேரத்தில் திட்டத்தின் கெடு முடிந்தது. பெட்டிகளைத் திறந்து பார்க்க ஆளில்லை. சில மாதம் கழித்து நிதி வந்தபோது பாதிப் பெட்டிகளில் மெழுகுப் பூச்சி குடியேறியிருந்தது. இரண்டு ஆண்டுக் குறிப்பேடு பாதியில் நின்றது. இது அவர் ஒருவருடைய தலைவிதி என்று சொல்லி ஒதுக்க முடியுமா? முடியாது. அதே குறிப்பேட்டை வேறொருவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்றே!

தோழர்களே, தேனீ விஞ்ஞானத்தின் வரலாற்றையே சற்றுத் திரும்பிப் பாருங்கள். வேலை செய்தவருக்கு இடமும் காலமும் கிடைத்ததா என்ற கேள்வி ஆதி முதல் அங்கே இருக்கிறது.

ஜெனிவா நகரத்து பிரான்சுவா ஹூபர் கண் பார்வை இழந்தவர். தேனீயைப் பற்றி அவர் 1792-ல் வெளியிட்ட நூல் இன்றும் போற்றப்படுகிறது. பார்க்க முடியாதவர் எப்படிப் பார்த்தார்? பிரான்சுவா பர்னென்ஸ் என்ற வேலைக்காரர் அவருக்குக் கண்ணாக இருந்தார். இரண்டு கூடுகளிலிருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்க்க அந்த மனிதர் 11 நாள் உழைத்தார். ஹூபர் பெரிய மனம் படைத்தவர். வேலைக்காரரின் பங்கை நூலிலேயே எழுதி வைத்தார். ஆகவேதான் அந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது. இன்று பெட்டி சுமந்து, கொட்டு வாங்கி, கணக்கெடுக்கும் உதவியாளர்களில் எத்தனை பேருடைய பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏறுகிறது?

அடுத்து அமெரிக்காவுக்கு வருவோம். சார்லஸ் ஹென்றி டர்னர் 1867-ல் சின்சினாட்டியில் பிறந்த கறுப்பினத்தவர். 1907-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஆராய்ச்சி வசதியுள்ள எந்தச் சர்வகலாசாலையிலும் அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. 1908-ல் செயிண்ட் லூயிஸ் நகரில், கறுப்பின மாணவர்கள் படித்த சம்னர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பாடம் நடத்திய நேரம் போக, நகரப் பூங்காவில் நிற வட்டுக்களை வைத்துத் தேனீக்களைச் சோதித்தார். தேனீயின் நிறப் பார்வை பற்றி 1910-லும், உருவங்களைப் பிரித்தறியும் ஆற்றல் பற்றி 1911-லும் கட்டுரை வெளியிட்டார். ஆய்வுக்கூடம் இல்லை, உதவி மாணவர் இல்லை. அப்படியிருந்தும் 1923-ல் மறையுமுன் 70-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். இதைக் கேட்டு "என்ன விடாமுயற்சி!" என்று வியந்துவிட்டுப் போய்விடக் கூடாது. ஒரு நல்ல ஆய்வுக்கூடமும் நான்கு மாணவர்களும் கிடைத்திருந்தால் அவர் எவ்வளவு செய்திருப்பார் என்று கேட்க வேண்டும். நிறத்தைப் பார்த்து அவரை வெளியே நிறுத்தியதால் நஷ்டப்பட்டது விஞ்ஞானம்.

கார்ல் வான் ஃபிரிஷ் கதை இன்னொரு பாடம். பல சாயல் சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, தேனீ நீலத்தை நிறமாகவே காண்கிறது என்று 1914-ல் நிலைநாட்டியவர் அவர். மியூனிக்கில் பேராசிரியராக இருந்தார். தாய்வழிப் பாட்டி யூதர் என்ற காரணத்துக்காக 1941-ல் நாஜி அரசு அவரை வேலையிலிருந்து நீக்க முனைந்தது. அதே காலத்தில் நோசீமா என்ற குடல் நோய் ஜெர்மனியில் தேனீக் கூட்டங்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. நோயை ஆராய அவர் தேவைப்பட்டார். வெளியேற்றம் யுத்தம் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. அதன் பிறகே, 1940-களின் நடுவில், தேனீயின் நடனம் பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் சொல்கிறது என்பதை அவர் கண்டறிந்தார். 1973-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒரு நோய் வந்ததால் தப்பியது அந்த வேலை! விஞ்ஞானியின் பிழைப்பு இப்படித் தற்செயலைத் தொங்கிக்கொண்டு நிற்கலாமா?

நம் நாட்டுக்கு வருவோம். வான் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களில் இலங்கைக்கு வந்து நம் பகுதித் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்தார். ஏன் வந்தார்? மலைத் தேனீயும் கொம்புத் தேனீயும் ஜெர்மனியில் இல்லை. இங்கே நம் மரக்கிளையிலும் பாறையிலும் இருக்கின்றன. அதாவது ஆராய வேண்டிய பொருள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புனேயில் 1962-ல் மத்தியத் தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் ஏற்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் தேனீக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. ஆகவே அடித்தளமே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் அது போதுமா?

1991, 1992-ஆம் ஆண்டுகளை மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் மறக்கமாட்டார்கள். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. அது புழுவைத் தாக்கி, நீர் நிறைந்த பைபோல ஆக்கிக் கொல்லும் நோய். இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பான்மை அழிந்தது. காலையில் பெட்டியைத் திறந்தால் வெற்று அடை. தேனை நம்பிய குடும்பங்கள் நிலைகுலைந்தன. தப்பிப் பிழைத்த கூட்டங்களைத் தேர்ந்து பெருக்கித்தான் தொழில் மெல்ல மீண்டது. எந்தக் கூட்டம் தாங்கும் என்று கண்டுபிடிப்பது ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்யும் வேலை. நோய் வந்த பிறகு ஆளெடுக்க விளம்பரம் போட்டால் அந்த வேலை நடக்குமா?

இனி வழி என்ன என்று பார்ப்போம். வேளாண்மையில் இளநிலைப் பட்டம், பிறகு பூச்சியியலில் முதுநிலை, பிறகு டாக்டர் பட்டம். இது ஒரு பாதை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கு இடமுண்டு. விலங்கியலோ தாவரவியலோ படித்து, தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவது இன்னொரு பாதை. இளநிலை ஆராய்ச்சியாளரின் உதவித்தொகை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாடெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் கேட்டுப் போராடியதன் பின்னரே அந்த உயர்வு வந்தது என்பதை நினைவில் வையுங்கள். தொகை உயர்ந்தால் மட்டும் போதாது; மாதா மாதம் கைக்கு வரவும் வேண்டும். டாக்டர் பட்டத்துக்குப் பின் நிரந்தர இடங்கள் குறைவு. அதற்காகக் காத்து நிற்பவர்கள் அதிகம். இதை மறைத்து உங்களை அழைத்தால் நாங்கள் உங்களை ஏமாற்றியவர்களாவோம்.

அதனால்தான் நாங்கள் கேட்கிறோம்: தேனீ ஆராய்ச்சித் திட்டங்களின் காலம் பல பூக்காலங்களை அடக்கியதாக இருக்கட்டும். ஒரு திட்டம் முடிந்து மறு திட்டம் தொடங்கும் வரை பெட்டிகளையும் குறிப்பேடுகளையும் பராமரிக்க நிரந்தர ஊழியர் இருக்கட்டும். உதவித்தொகை தவணை தவறாமல் வரட்டும். களத்தில் உழைத்த உதவியாளரின் பெயர் கட்டுரையில் ஏறட்டும். இவற்றில் எதுவும் சலுகை அல்ல. வேலை நடக்க வேண்டிய குறைந்தபட்ச நிபந்தனைகள் இவை.

வாசலில் கேட்ட அந்தத் தங்கைக்கு விடை இதுதான்: தேனீ ஆராய்ச்சியை நம்பி வாழ முடியும், ஆனால் இன்று அது சுலபமல்ல. வருபவர்கள் தனித்தனியாக வந்து தனித்தனியாகச் சலித்துத் திரும்பிப் போனால் நாளையும் அது சுலபமாகாது. விஞ்ஞானத்தைக் கற்கும்போதே பக்கத்து மேஜையில் இருப்பவரின் ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். சேர்ந்து நின்று கேளுங்கள். உங்களுக்காகப் பெட்டிகளைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறோம்.