அன்னையின் கைமணமும் ஆண்டவன் திருவமுதும்

(வெள்ளானூரில் கூடாரவல்லித் திருநாளன்று ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மார்கழித் திங்களின் இருபத்தேழாம் நாளாகிய இன்று, வைணவத் திருக்கோயில்களில் அக்காரவடிசில் நிவேதனமாகும் நாள். அக்காரம் என்பது சருக்கரை. அடிசில் என்பது சோறு. இரு சொற்களும் புணரும்போது இடையே வகர உடம்படுமெய் தோன்றி, 'அக்காரவடிசில்' என்றாயிற்று. சருக்கரைப் பொங்கலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மார்கள் நன்கு அறிவர். இங்கே அரிசி வேகுவது பாலில். பால் வற்ற வற்றக் கிளறி, அரிசி குழைந்த பின்னரே வெல்லம் சேரும். நெய்க்கு அளவு சொல்வாரில்லை. பொறுமையில்லாதவர் கைக்கு இந்த அடிசில் வசப்படாது.

கோதை நாச்சியார் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதை நாச்சியார் திருமொழி நமக்கு அறிவிக்கின்றது. வாக்கால் நேர்ந்த அதனைப் பொருளால் நிறைவேற்றியவர், சில நூற்றாண்டுகளுக்குப் பின் தோன்றிய இராமாநுசர். அழகர்மலையில் அந்நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு அவர் வில்லிபுத்தூர் வந்தபோது, ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. தங்கை நேர்ந்த கடனைத் தீர்ப்பது தமையன் கடமையன்றோ? குருதியால் வாராத உறவொன்றை அந்த அடிசில் உண்டாக்கிற்று. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. நம் இல்லங்களில் செய்யப்பெறும் ஒவ்வோர் இனிப்பின் பின்னும் ஓர் உறவு நிற்கின்றது. ஒரு முகம் நிற்கின்றது.

ஏழையின் களி

தமிழருக்கு இனிப்பு இன்று நேற்று வந்ததன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், இரவுக் கடைவீதியில் விற்கப்பெற்ற பண்டங்களைக் காண்கின்றோம். தேன்கூட்டைப் போன்ற மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் அங்கே உள்ளன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மதுரையில் விற்ற அந்த மோதகமே, இன்றும் ஆனைமுகன் சதுர்த்தியன்று நம் வீட்டு இட்டலிப் பானையில் வேகின்றது.

ஆயினும், செல்வர் வீட்டு இனிப்பைக் காட்டிலும் வறியவர் வீட்டு இனிப்பே நம் சமய வரலாற்றில் மிகுந்த புகழ் பெற்றது. சேந்தனார் தில்லையில் விறகு விற்று வாழ்ந்தவர்; நாள்தோறும் ஓர் அடியவர்க்கேனும் அமுது படைத்த பின்னரே தாம் உண்பவர். ஒருநாள் கொட்டிய மழையில் விறகு நனைந்து விலை போகவில்லை. வீட்டில் இருந்த மாவைக் கொண்டு களி கிண்டி அடியவரை எதிர்நோக்கியிருந்தார். இறைவனே அடியவராக வந்து உண்டு, மீதியையும் வாங்கிச் சென்றான். மறுநாட்காலையில் தில்லைத் திருச்சந்நிதியில் களி சிதறிக் கிடந்தது என்பர். ஆண்டுதோறும் ஆதிரை நாளில், வறுத்து உடைத்த அரிசியையும் பயற்றம் பருப்பையும் வெல்லப்பாகில் வேகவைத்து, தேங்காயும் ஏலமும் நெய்யும் சேர்த்து நாம் படைப்பது அந்த விறகு வெட்டியின் வீட்டுச் சமையலை. மதுரையில் பிட்டு விற்ற வந்தியின் உதிர்ந்த பிட்டுக்காக இறைவன் மண் சுமந்தான். ஆவணி மூலத்தன்று அம்மாநகரமே அந்த ஒரு முதியவளை நினைக்கின்றது. அவளுக்குப் பிள்ளையில்லை, சுற்றமில்லை. ஆயினும் அவளை மறவாத பேரப்பிள்ளைகளாக ஓர் ஊரே உள்ளது.

கல்லில் நின்ற பெயர்கள்

விசயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளைப் படிப்போர் வியப்படைவர். அப்பப்படி, அதிரசப்படி, சுகியன்படி, வடைப்படி என்று இன்ன நாளில் இன்ன பணியாரம் இவ்வளவு நிவேதனமாக வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்துள்ளனர். அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, சருக்கரை இவ்வளவு, மிளகு இவ்வளவு என்று அளவும் உண்டு. நிவேதனமான பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. அதனை 'விட்டவன் விழுக்காடு' என்று கல்வெட்டு வழங்கும். நிலத்தையோ பொன்னையோ கொடுத்தவர் என்றோ மறைந்துவிட்டார். எனினும் அவர் பெயரால் அதிரசம் வெந்து, அவர் பங்கு பிரித்து வைக்கப்பெற்றது. மறைந்தவர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதைக் கல்லிற் பொறித்த நாகரிகம் நம்முடையது.

இந்நாளில் அரசின் சட்டமும் சில இனிப்புகளுக்குக் காவலாக அமைந்துள்ளது. திருப்பதி லட்டுக்கு 2009ஆம் ஆண்டிலும், பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்கும் 2019ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. மகிழத்தக்கதே. ஆனால் உங்கள் பாட்டியார் கிண்டிய திருவாதிரைக் களிக்கு எந்த அலுவலகம் சான்று தரும்? அதற்குக் காவல் அவர் வயிற்றுப் பிள்ளைகளே.

கடல் கடந்த கரும்பு

கரும்பின் வரலாற்றில் கண்ணீரும் கலந்துள்ளது. 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதிற் சென்றோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். 1911ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர் அவ்வாறு நேட்டாலுக்குச் சென்றனர். பிறர் வீட்டுத் தேநீர் இனிக்கத் தம் முதுகு வளையக் கரும்பு வெட்டியவர்கள் அவர்கள். அவர்தம் வழித்தோன்றல்களுள் பலர் இன்று தமிழ் பேச அறியார். எனினும் தைத் திங்களில் பொங்கலிடுகின்றனர். மாரியம்மனுக்கு ஆடியிற் கூழ் வார்க்கின்றனர். நாவிலிருந்து மொழி நழுவிய பின்னும் சுவை நழுவவில்லை.

இவ்வாறே, அமெரிக்க நாட்டிற்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பெற்ற ஆப்பிரிக்க மக்களின் வழியினர், தம் இல்லச் சமையலை 'ஆன்ம உணவு' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். தாய்நாட்டு வள்ளிக்கிழங்கு கிட்டாத மண்ணில், கிடைத்த சருக்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டு அவர்கள் சமைத்த இனிப்புப் பண்டம், இன்றும் அவர்தம் குடும்ப விழாக்களில் முதன்மை பெறுகின்றது. நிலத்தையும் பெயரையும் பறித்தவர்களால் தாயின் கைப்பக்குவத்தைப் பறிக்க இயலவில்லை. மொழி வேறு, சமயம் வேறு. ஆயினும் சேந்தனார் வீட்டுக் களியின் வரலாறு அம்மக்களுக்கு எளிதில் விளங்கும் என்பது என் துணிபு.

துக்க வீட்டுத் தூக்கு

இனி, என் இல்லத்துச் செய்தி ஒன்றைக் கூற இசைவு தர வேண்டுகின்றேன். இவ்வட்டாரத்து ஊர்கள் ஏரி நீரால் நெல் விளைத்த காலம் அது. என் அன்னையார் தீபாவளிக்கு அதிரசம் செய்வதில் வல்லவர். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகாமுன் உரலில் இடித்துச் சலிப்பார். வெல்லப்பாகைத் துளியெடுத்து நீரில் விட்டால், கரையாமல் விரல்களுக்கிடையே உருள வேண்டும். அதுவே பதம். பதம் தப்பினால் இளகிய பாகு எண்ணெயில் பிரியும். முற்றிய பாகு கல்லாகும். சுக்கும் ஏலமும் கூட்டிப் பிசைந்த மாவு பானையில் இரண்டு நாள் உறங்கும். கடிகாரமும் தராசும் இல்லாத அடுக்களையில், விரல் நுனியே அவருக்கு நூலாக இருந்தது.

என் பதினோராம் அகவையில் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். துக்கம் நிகழ்ந்த இல்லத்தில் ஓராண்டு பண்டிகை இல்லை, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது என்பது நம் மரபு. தீபாவளி வந்தது. ஊரெங்கும் பலகாரம் வேகும் மணம். எங்கள் அடுப்பில் சோற்றுப் பானை மட்டும். எங்களுக்கும் எதிர் வீட்டாருக்கும் வாய்க்கால் நீர்ப் பங்கீட்டில் எழுந்த பிணக்கினால் மூன்றாண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை. அன்று விடியலில், அவ்வீட்டு அம்மையார் கொல்லைப்புறமாக வந்தார். கையில் பித்தளைத் தூக்கு. மேலே வாழையிலை மூடியிருந்தது. "குழந்தைகள் ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, அக்கா" என்று மட்டும் சொல்லி, திண்ணைமேல் வைத்துவிட்டு நின்றார். அன்னையார் வாய் பேசவில்லை. பதினாறாம் நாளுக்குப் பின் அவர் அழுததை அன்றுதான் நாங்கள் கண்டோம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்பதால், கொல்லையிற் பறித்த எலுமிச்சம்பழம் இரண்டை அதிலிட்டு அனுப்பினார்.

பிணக்கைத் தீர்க்க ஊர்ப் பெரியோர் பன்முறை முயன்றும் இயலாததை, ஒரு தூக்கு அதிரசம் இயற்றிற்று. மறு ஆண்டு முதல் எங்கள் வீட்டில் வெந்த முதல் தட்டு எதிர் வீட்டுக்கே சென்றது. அன்னையார்க்குப் பின் என் மனைவியும் அதனைக் கைவிடவில்லை. அவ்விரு வீடுகளும் இன்று இல்லை. அவ்வீட்டார் அம்பத்தூரிற் குடியேறியுள்ளனர். தட்டு மட்டும் இன்றும் போய்க்கொண்டிருக்கின்றது.

துக்க வீட்டில் இனிப்புச் செய்யலாகாது என்று விதித்த நம் முன்னோர், அயலார் கொண்டுவந்து தரலாகாது என்று விதிக்கவில்லை. இதன் நுட்பத்தை முதுமையில்தான் உணர்கின்றேன். வருந்துவோர் தமக்குத் தாமே இனிப்பை ஆக்கிக்கொள்ள இயலாது. பிறர்தாம் கொண்டுவர வேண்டும். எனவே அன்பர்களே, உங்கள் தெருவில், உங்கள் அடுக்கக மாடியில், பண்டிகையில்லாத வீடு எது என்று எண்ணிப் பாருங்கள். கடையிலிருந்து வரும் அட்டைப் பெட்டி வேண்டியவர்க்கும் அலுவலகத்தார்க்கும் போகின்றது. அந்த ஒரு வீட்டிற்குப் போவதில்லை. முதல் தட்டு அங்கே போக வேண்டும்.

மனத்தால் படைக்கலாம்

இங்கே என் வயதொத்த பெரியோர் பலர் அமர்ந்துள்ளீர்கள். "எமக்கு நீரிழிவு, இனிப்பைப் பற்றிப் பேசி என் பயன்?" என்று உங்கள் முகங்கள் வினவுகின்றன. மருத்துவர் விலக்கியதை அடம்பிடித்து உண்பது பத்தியாகாது. பிரசாதம் அளவாற் பெருமை பெறுவதன்று. கண்ணில் ஒற்றி, நாவில் ஒரு துளி வைத்து, எஞ்சியதைக் குழந்தை கையிற் கொடுத்தாலும் அதன் பயன் குறையாது.

திருக்கண்ணபுரத்து முனையதரையன் வரலாறு நமக்கு ஆறுதல் தருவது. செல்வமெல்லாம் சௌரிராசப் பெருமாளுக்கே செலவிட்ட அவர், ஓர் இரவு காலங்கடந்து வீடு திரும்பினார். மனைவியார் பொங்கல் செய்து வைத்திருந்தார். திருக்கோயிற் கதவோ அடைத்தாயிற்று. இருந்த இடத்திலிருந்தே மனத்தால் அப்பொங்கலைப் பெருமாளுக்குப் படைத்தார். விடிந்து கதவு திறந்தபோது திருச்சந்நிதியிற் பொங்கல் இருந்தது. இன்றும் அத்தலத்தில் இரவு நிவேதனத்திற்கு 'முனையதரையன் பொங்கல்' என்றே பெயர். மறவாதீர்கள்: அதனைச் சமைத்த கை அவர் இல்லாள் கை.

மனத்தால் கோயிலே கட்டிய பூசலார் நாயனார் பிறந்த திருநின்றவூர் நமக்கு அயலூர்தான். அவ்வூர்ப் பத்தவற்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்குத் திருநாமம் 'என்னைப் பெற்ற தாயார்'. திருமகளைத் தன் மகளாகப் பெற்ற கடலரசனே அவளை அவ்வாறு அழைத்தான் என்பது தலவரலாறு. மகளைத் தாயென்று அழைப்பது தமிழ் இல்லங்களின் இயல்பு. பாட்டியின் பக்குவம் பேத்தியின் கையில் மீண்டும் வரும்போது, முதியவர் ஒருவர் அவளை "அம்மா" என்று அழைப்பதன் பொருள் விளங்குகின்றது.

இன்னும் சில நாள்களில் தைப்பொங்கல். அன்று பானையருகே உங்கள் பெயரனையும் பெயர்த்தியையும் அமர்த்துங்கள். வெல்லத்தை அவர்கள் கையால் இடச் செய்யுங்கள். "இந்தப் பதம் இன்னார் சொல்லித் தந்தது, அவர் இன்ன ஊரிலிருந்து இவ்வீட்டிற்கு மருமகளாக வந்தார், இன்ன துன்பத்திலும் இதனைக் கைவிடவில்லை" என்று பெயர் சொல்லிக் கூறுங்கள். எழுதத் தெரிந்தோர் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அளவை மட்டும் எழுதாமல், ஆளையும் எழுதுங்கள். திருமலையிற் கல்லில் வெட்டினர். நமக்கு ஓர் ஏடு போதும்.

என்னைப் பெற்ற தாயாரின் திருவருளால், எல்லார் இல்லத்தும் பாற்பானை பொங்குக. எல்லார் நாவிலும் இன்சொல் நிலவுக என வேண்டி அமைகின்றேன்.