7 பேர்ச்சஸில் எந்தத் தோடை?



பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு நான் இன்று சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரியும். நம்மூரில் ஏறும்போது தோளில் ஸ்வெட்டர். பாதை இறங்க இறங்கத் தேயிலை குறையும், வெக்கை கூடும். பிபிலையில் இறங்கினால் பாதையோரக் கடைகளில் தோடம்பழம் குவிந்து கிடக்கும். அந்தப் பழத்தைத் தின்று, விதையை மடியில் முடிந்துவந்து லயத்துக் கோடியில் ஊன்றியவர்கள் நம்மில் நிறையப் பேர். மரம் வளர்ந்தது, காயும் காய்த்தது. வாயில் வைத்தால் பல் கூசுகிறது. "விதை மாறிப்போச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

விதை மாறவில்லை. பிபிலை 1,000 அடிக்கும் கீழே இருக்கிறது. பசறை 3,000 அடி வாக்கில். தோடம்பழம் காயாக இருக்கும்போது அதில் புளிப்பு நிறைய இருக்கும். வெயில் சூட்டில்தான் அந்தப் புளிப்பு கரைந்து இனிப்பு மேலெழும். நம்முடைய குளிரில் அது மெதுவாகத்தான் கரைகிறது. அதே குளிர் இன்னொரு வேலையும் செய்யும். தோடையின் தோல் மஞ்சளாக மாற இரவுக் குளிர் வேண்டும். பிபிலைப் பழம் உள்ளே பழுத்த பிறகும் தோல் பச்சையாக இருப்பதும், வெளிநாட்டுப் பழம் செம்மஞ்சளாகப் பளபளப்பதும் இதனால்தான். ஆகவே நிறத்தைப் பார்த்து இனிப்பை எடைபோட வேண்டாம். ஒன்றைப் பறித்துத் தின்று பாருங்கள். புளித்தால் மற்றதை மரத்திலேயே விட்டுவையுங்கள். மாம்பழம் போலத் தோடம்பழத்தை வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்க முடியாது. பறித்த அன்று இருந்த இனிப்புதான் கடைசிவரைக்கும்.

விதையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோடை, தேசி, மண்டரின் விதை ஒன்றை ஊன்றினால் சில நேரம் இரண்டு, மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவை அல்ல. தாய்மரத்தின் அச்சு அசல். நோஞ்சானாக நிற்கும் முளையைப் பிடுங்கிவிட்டு, ஒரே மாதிரி ஓங்கி நிற்பதை வைத்துக்கொண்டால் தாயைப் போன்ற மரமே கிடைக்கும். ஜம்போலாவுக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் விதையில் ஒரே முளைதான்; அதுவும் கலப்புப் பிள்ளை. நல்ல ஜம்போலா வேண்டுமானால் பதியமோ ஒட்டோதான் வழி. விதைத் தோடை தாயைப் போலவே இருக்கும் என்றாலும், முள் அடர்ந்து, உயரமாக வளர்ந்து, காய்க்க ஆறேழு வருஷமாவது எடுக்கும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும்.

இந்த வருஷக் கணக்கு தேயிலைத் தோட்டத்து நம் சனத்துக்குச் சாதாரண விஷயம் அல்ல. காம்பராவுக்கு முன்னால் இருக்கும் துண்டு நிலம் நமக்குச் சொந்தமில்லை என்றிருந்த காலத்தில், ஏழு வருஷம் கழித்துக் காய்க்கும் மரத்தை யார் நடுவார்கள்? கீரையும் போஞ்சியும் போட்டோம். மூன்று மாதத்தில் கையில் வந்தது. இப்போது தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு, நடைபாதை, மலசலக் குழி, மரக்கறிப் பாத்தி எல்லாம் போக, பதினைந்தடி விரியும் மரம் ஒன்றுக்கு இடமிருக்கும். மிஞ்சிப்போனால் இரண்டு. அதனால் எதை நடுவது என்பதில் தவறக் கூடாது.

என் கருத்தைச் சொல்கிறேன். பசறை உயரத்தில் ஒரே மரம் என்றால் தேசி. சம்பலுக்கும் மீனுக்கும் நாளாந்தம் வேண்டியது. விலை ஏறும் மாதங்களில் ஒரு காய்க்குக் கடையில் என்ன கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் தேசிக்குச் சொறிநோய் வரும். மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் இலையிலும் காயிலும் சொரசொரப்பான பொட்டுகள் விழும். வெயில் நன்றாக விழும், காற்று நேரே மோதாத மூலையைத் தேசிக்குக் கொடுங்கள். நமுனுகுலைப் பக்கம் இன்னும் உயரத்தில் இருப்பவர்கள் லெமன் நடலாம். குளிரை அது நன்றாகத் தாங்கும். ஊறுகாய்ப் பிரியர்களுக்கு நார்த்தை.

இரண்டாவது மரத்துக்கு இடமிருந்தால் மண்டரின், கடையில் ஜமநாரங் என்று கேட்டு வாங்குவது. தமிழ்நாட்டில் பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே வளரும் கமலா ஆரஞ்சும், குடகு ஆரஞ்சும் இந்த இனம்தான். ஏறக்குறைய நம் உயரத்திலும் அதற்கு மேலேயும் விளைகின்றன. இனிப்புத் தோடையை லுணுகலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். ஜம்போலா பெரிய மரம். 7 பேர்ச்சஸுக்குள் அடங்காது. தேயிலை மலை ஓரத்தில் யாருடைய அனுமதியும் தேவைப்படாத இடம் கிடைத்தால் ஒரு குடலு தெஹி வையுங்கள். முண்டும் முடிச்சுமான அந்தக் காயின் சாற்றைக் காலில் தேய்த்தால் அட்டை கிட்டே வராது. கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மண்ணுக்கு வருவோம். தேயிலை புளிப்பு மண்ணில் வாழ்கிற செடி. தோடை இனத்துக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. காலங்காலமாகத் தேயிலை நின்ற இடத்தில் குழி வெட்டினால், குழி மண்ணோடு டொலமைட் கலந்து சில வாரம் ஆறவிட்டு நடுங்கள். சரிவு நிலமாக இருப்பது நல்லதுதான், தண்ணீர் தேங்காது. கானுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், அடித்தண்டு அழுகி பிசின் வடியும். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் முள்துளிரை உடனே கிள்ளுங்கள். விட்டால் அடிமரம் மேல்மரத்தை விழுங்கிவிடும். முதல் இரண்டு வருஷம் இனித்த மரம் பிறகு புளித்தது என்று சொல்லப்படும் கதைகளில் பல இப்படி நடந்தவை.

கறிவேப்பிலை இல்லாத வீடு நம்மிடம் இல்லை. அந்தக் கறிவேப்பிலைத் துளிரில் சில்லிட் என்ற எள்ளளவு பூச்சி பெருகும். தோடைத் துளிரிலும் உட்காரும். அது பரப்பும் கிரீனிங் நோய்க்கு இன்றுவரை மருந்தில்லை. இலை ஒழுங்கில்லாமல் மஞ்சள் பூக்கும், காய் சிறுத்துக் கோணலாகிக் கசக்கும், மரம் நுனியிலிருந்து காயும். அமெரிக்காவின் புளோரிடாவில் 2005இல் இந்த நோய் தென்பட்டது. அங்கே தோடை விளைச்சல் இப்போது முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. பழனி மலை ஆரஞ்சு நலிந்ததிலும் இந்த நோய்க்குப் பங்குண்டு. கறிவேப்பிலையை வெட்டச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. இரண்டையும் வளவின் இரண்டு கோடியில் வையுங்கள். துளிர் வரும்போது இலையைத் திருப்பிப் பார்த்து, பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும் தெளியுங்கள். சந்தையில் லொறியில் கொண்டுவந்து விற்கும் கன்றை வாங்காதீர்கள். நோய் கன்றோடு சேர்ந்தே வரலாம். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் விவசாயத் திணைக்களம் பதிவு செய்த நாற்றுமேடை எது என்று சொல்வார்கள். எந்த அடிமரத்தில் ஒட்டியது என்றும் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

ஜூலை, ஓகஸ்டில் நம் தேயிலைக்கு வாசம் தருகிற அந்த வறண்ட காற்று இளங்கன்றைக் காயவைத்துவிடும். காய்க்கிற மரத்துக்கு அதே வறட்சி நல்லது. சில வாரம் காய்ந்து, பிறகு மழை விழுந்தால்தான் தேசியும் தோடையும் கொத்தாகப் பூக்கும். எனவே குழியைச் செப்டெம்பரில் வெட்டி வைத்து, ஒக்டோபர் மழை இரண்டு தரம் நன்றாக விழுந்த பிறகு நடுங்கள். வருகிற வறட்சிக்குள் வேர் பிடித்துவிடும். முதல் வருஷம் மட்டும் ஓகஸ்டில் அடியில் மானா புல்லைப் பரப்பி, பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். புல் தண்டை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி இருக்கட்டும்.