கேஸ் முடிந்தால் போதுமா?

(கோவிலூரில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அன்புச் சகோதரர்களே! திருட்டு ஹராம். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. திருடியவனுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. ஆனால் நம் பிள்ளை ஒருவன் மீது திருட்டுக் கேஸ் விழுந்தால், காரைக்குடி கோர்ட்டில் அது எப்படி முடியும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோர்ட் வராந்தாவில் யாராவது வந்து சொல்வார்: "ஒப்புக்கொள் தம்பி, அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்." பயந்துபோன பையன் தலையாட்டுவான். கேஸ் முடிந்தது என்று தாயும் பெருமூச்சு விடுவாள். ஆனால் அங்கே பதிவானது 'குற்றவாளி' என்ற தீர்ப்பு! நாளை அரசு வேலைக்கோ, வளைகுடா போக போலீஸ் சான்றிதழுக்கோ அலையும்போது அந்தத் தீர்ப்பு குறுக்கே வந்து நிற்கும். மறுபடி ஒரு திருட்டில் தண்டனை பெற்றால் குறைந்தது 1 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு கடுங்காவல்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பழைய 379-வது பிரிவுதான் இன்றைய 303(2). சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளுக்கு உரியவர் இதில் சமரசம் செய்துகொள்ளச் சட்டமே இடம் தருகிறது. சமரசம் பதிவானால் அது விடுதலைக்குச் சமம். முதலாளியின் பொருளை வேலையாள் எடுத்த வழக்கானால் (306) கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம். வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு (305) அந்த வழி கிடையாது. 7 ஆண்டு வரை தண்டனை உண்டு.

குற்றம் நிரூபணமானாலும் எல்லாம் போய்விடவில்லை. 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, முதல் முறை தவறியவனைக் கண்டித்தோ, ஜாமீன் பத்திரம் வாங்கியோ கோர்ட் விட்டுவிடலாம். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் குற்றமாகவும் இருந்து, பொருளையும் திருப்பிக் கொடுத்தால், சிறைக்குப் பதில் சமூக சேவைதான் தண்டனை. இவற்றையெல்லாம் கேட்டு வாங்க வக்கீல் வேண்டும். காசில்லையா? 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. மாஜிஸ்திரேட்டிடமே வாய்விட்டுக் கேளுங்கள். பீகார் சிறைகளில் விசாரணையின்றி வாடியவர்களுக்காக 1979-ல் வந்த ஹுஸைனாரா காத்தூன் வழக்கில், விரைவான விசாரணையும் ஏழைக்கு இலவச சட்ட உதவியும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இளைஞர்களே! எடுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். எடுக்கவில்லை என்றால் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எதுவானாலும் வக்கீலைப் பார்க்கும் முன் கோர்ட்டில் தலையாட்டாதீர்கள்.

வணிகர்களே! மலிவாக வருகிறதே என்று பில் இல்லாத சரக்கை வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் உங்களுக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. கடைப்பையன் தவறிவிட்டு, பொருளைத் திருப்பித் தந்து அழுகிறானா? கோபத்தில் புகார் கொடுக்கப் போன அதே கால்களால், சமரசத்துக்குக் கையெழுத்திடவும் கோர்ட்டுக்கு வாருங்கள். உங்கள் ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.